பனிவீட்டின் மறுபாதி

கரும்பலகையில் ஓர் அரைவட்டம். அதன் அடியில் குனிந்து நுழையத்தக்க சிறு வாயில். அரைவட்டத்தின்மேல் செங்கல் அடுக்கியது போலச் சில கோடுகள். பக்கத்தில் தோலாடை போர்த்து ஈட்டி ஏந்திய ஒரு மனிதர். அவருக்குப் பின்னே நாய்கள் பூட்டிய சறுக்குவண்டி. இப்படத்தை நான் ஆண்டுதோறும் ஒருமுறை வரைந்து வந்தேன். ஆசிரியப் பணியில் நான் கழித்த 34 ஆண்டுகளில் எத்தனையோ பாடங்கள் மாறின. நாடுகளின் எல்லைகளும் பெயர்களும் மாறின. இந்தப் படம் மட்டும் நெடுங்காலம் மாறவே இல்லை.

இதை நான் என் ஆசிரியரிடம் கற்றேன். அவர் தம் ஆசிரியரிடம் கற்றிருப்பார். ‘துருவநாட்டு மக்கள் பனிக்கட்டியால் வீடு கட்டி வாழ்வர், பச்சை இறைச்சி உண்பர், வெளியுலகம் அறியார், கவலையின்றி எப்போதும் சிரித்த முகத்தினராய் இருப்பர்’ என்று எங்கள் பாடம் கூறியது. தேர்வில் அதை எழுத்துப் பிழையின்றி எழுதினேன். பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்றேன். பின்னர் நானே ஆசிரியனாகி, அவ்வாறு எழுதிய மாணவர்களுக்குப் பத்துக்குப் பத்து வழங்கினேன்.

ஒருநாள் அப்பாடம் முடிந்தபின், ‘யாருக்கேனும் ஐயம் உண்டா?’ என்று வழக்கம்போல் கேட்டேன். மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். “ஐயா, இந்தப் பாடத்தை அந்த ஊர்க்காரர்கள் படித்தால், ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம்’ என்று சொல்வார்களா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு விடையும் தோன்றவில்லை. “அறிந்து வந்து சொல்கிறேன்” என்று கூறி அவளை அமர்த்தினேன்.

விடை விரைவிலேயே கிடைத்துவிட்டதாக எண்ணினேன். நகரில் இயங்கிய திரைப்படச் சங்கம் ஒன்றில், ‘வடநாட்டு நானூக்’ என்னும் பழைய பேசாப் படத்தைக் காட்டினார்கள். இராபர்ட் பிளாஹர்ட்டி என்னும் அமெரிக்கர் எடுத்த அப்படம் 1922-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உண்மை வாழ்வைக் காட்டும் படங்களின் வரலாற்றைப் பேசுவோர் அதை முதல் வரிசையில் வைத்துப் போற்றுவர். கனடாவின் வடபால் ஹட்சன் விரிகுடாவின் கரையில், இன்று இனுக்ஜுவாக் என வழங்கும் ஊரில் அது எடுக்கப்பட்டது.

அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. நான் கரும்பலகையில் வரைந்த வீடு திரையில் எழுந்தது. நானூக் என்னும் வேட்டைத் தலைவர் நீண்ட கத்தியால் இறுகிய பனியை அறுத்தெடுத்தார். கட்டிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக் கவிகை மாடமாக்கினார். தெளிந்த பனிக்கட்டி ஒன்றைப் பதித்துச் சாளரமும் அமைத்தார். தந்தமுடைய வால்ரஸ் என்னும் கடல்விலங்கை எறியீட்டியால் வீழ்த்தினார். வணிகர் காட்டிய இசைத்தட்டை வியப்புடன் வாங்கிப் பல்லால் கடித்துப் பார்த்தார். முகத்தில் மாறாத சிரிப்பு. என் பாடத்தின் ஒவ்வொரு வரியும் உயிர்பெற்று நடமாடக் கண்டேன்.

அடுத்த வகுப்பிலேயே பெருமிதத்துடன் அம்மாணவியை எழுப்பினேன். “அம்மா, அந்த மக்களையே நான் படத்தில் பார்த்தேன். நம் பாடம் கூறுவது முற்றும் சரி” என்றேன். அவள் சற்றுத் தயங்கி, “அந்தப் படத்தை எடுத்தவர் யார், ஐயா?” என்று கேட்டாள். “ஓர் அமெரிக்கர்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தாள். அவள் ஐயம் நீங்கிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளோ, தான் கேட்ட கேள்விக்கு ஆசிரியர் விடை சொல்லவில்லை என்பதை உணர்ந்தே அமர்ந்திருக்கிறாள். இதை நான் அறியப் பல ஆண்டுகள் ஆயின.

திரைப்பட வரலாறு பற்றிய நூல் ஒன்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் என் கண் திறந்தது. திரையில் நான் கண்ட வீட்டின் உட்புறம் முழு வீடே அன்று! பனிவீட்டினுள் இருள் மிகுதி; அக்காலப் படக்கருவிக்கோ ஒளி மிகுதியாக வேண்டும். ஆகவே, வழக்கத்தினும் பெரிய வீடு ஒன்றைக் கட்டச்செய்து, அதன் கவிகையில் ஒரு பகுதியை வெட்டி நீக்கிவிட்டார்கள். திறந்த பக்கத்தில் படக்கருவி நின்றது. அந்தக் குடும்பம் கடுங்குளிர் உள்ளே வீச, தோலாடை களைந்து போர்வைக்குள் புகுந்து உறங்குவதுபோல் நடித்தது. நான் பார்த்தது பாதி வீடு. மறுபாதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் அயலார் ஒருவரின் கண் இருந்தது.

மறைந்திருந்தவை இன்னும் பல. நானூக் என்பது அவர் பெயரன்று. அச்சொல்லுக்கு வெண்கரடி என்பது பொருள். அவருடைய இயற்பெயர் அல்லகரியல்லக். திரையில் அவருடைய குடும்பமாகத் தோன்றிய மகளிர் உண்மையில் அவர் மனைவியர் அல்லர். அவ்வூர் வேட்டைக்காரர் அப்போதே துப்பாக்கியைக் கையாண்டனர். படத்துக்காகவே முன்னோரின் எறியீட்டியை எடுத்தனர். இசைத்தட்டும் அவருக்குப் புதுமையன்று. அறியாதவர்போல் அதைக் கடித்தது நடிப்பே. வெளியுலகம் அறியாதவர் என்று நான் கற்பித்த மனிதர், வெளியுலகத்தின் விருப்பத்தை நன்கு அறிந்து, அது வேண்டிய வண்ணம் நடித்துக் கொடுத்த கலைஞராக இருந்தார்.

பிளாஹர்ட்டியை வஞ்சகர் என்று கூறுவது நேர்மையாகாது. அவர் அம்மக்களை மதித்தார். அவர்களுடன் குளிர்காலத்தைக் கழித்தார். எடுத்த படச்சுருளை அவர்களுக்கே திரையிட்டுக் காட்டினார். முன்பு அவர் எடுத்திருந்த படச்சுருள்கள் 1916-இல் தீப்பற்றி அழிந்தபோதும் மனந்தளராது மீண்டும் வடக்கே சென்றார். மறைந்துகொண்டிருந்த வாழ்க்கை முறையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் அந்தப் பணியில் தோள்கொடுத்தவர் யார்? பனிக்கட்டியைக் குடைந்து துளையிட்டு, படச்சுருளைக் கழுவ நீர் சுமந்து வந்தவர்கள் அவ்வூர் மக்கள். வேட்டைக் காட்சிகளைத் திட்டமிட்டவர்களும் அவர்களே. அவர்களின் உழைப்பும் அறிவும் படத்தில் உண்டு. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்னும் முடிவு மட்டும் அவர்களிடம் இல்லை.

அல்லகரியல்லக் படம் வெளிவந்த சில காலத்துக்குள் இறந்தார். வேட்டைக்குச் சென்று பசியால் மாண்டார் என்று உலகம் பேசியது; பனிநாட்டு வீரனுக்கு அத்தகைய முடிவே பொருத்தம் என்று எண்ணிற்றுப் போலும். அவர் நோயால், பெரும்பாலும் காசநோயால், இறந்தார் என்பதே பின்னர் ஆராய்ந்தோர் கருத்து. ஒருவரின் வாழ்வை மட்டுமன்றிச் சாவையும் அயலார் கதையாக்கிவிட்டனர்.

அம்மக்கள் தங்களை இனுயிட் என்று கூறிக்கொள்கின்றனர். ‘மக்கள்’ என்பதே அச்சொல்லின் பொருள். ஒருவரைக் குறிக்கும்போது இனுக் என்பர். என் பாடத்தில் இருந்த ‘எஸ்கிமோ’ என்னும் பெயர் பிறர் இட்டது. இன்று அவர்களில் பலர் அதை விரும்புவதில்லை. அலாஸ்காவின் வடகரை முதல் கனடாவின் வடக்கு, கிரீன்லாந்து வரை அவர்கள் வாழ்கின்றனர். கனடாவில் மட்டும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 70,000 பேர் உள்ளனர். அவர்கள் மொழியில் ‘இக்லு’ என்றால் வீடு என்றே பொருள். மரத்தால் கட்டியதும் இக்லுதான். பனிவீடு குளிர்காலத்துக்கும் வேட்டைப் பயணத்துக்கும் உரிய ஒருவகை வீடு. கோடையில் அவர்கள் தோற்கூடாரங்களில் தங்கினர். இவற்றை எல்லாம் அறியாமலே நான் அந்த ஒரே ஒரு வீட்டை ஆண்டுதோறும் வரைந்தேன்.

‘ஒரு படம் தவறாக இருந்தால் என்ன? அதனால் யாருக்கு என்ன கேடு?’ என்று கேட்கலாம். நானும் அவ்வாறு கேட்டு என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றேன். ஆனால் வரலாறு தேறுதல் தரவில்லை.

1953-ஆம் ஆண்டில், அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து சில குடும்பங்களைக் கனடிய அரசு கப்பலில் ஏற்றி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, ரெசலியூட், கிரைஸ் பியார்ட் என்னும் இடங்களில் இறக்கிவிட்டது. 1955-இல் மேலும் சிலர் சென்றனர். ‘இவர்கள் அரசின் உதவியை நாடிப் பழகிவிட்டனர், வேட்டை வாழ்வுக்குத் திரும்புவதே இவர்களுக்கு நன்மை’ என்பது அதிகாரிகள் கூறிய காரணம். வடகோடித் தீவுகளில் தன் ஆட்சியை நிலைநாட்டும் நோக்கமும் அரசுக்கு இருந்தது என்பர். அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஞாயிறு எழுவதில்லை. விலங்குகள் வேறு, நிலம் வேறு. இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று கொடுத்த வாக்கும் காக்கப்படவில்லை. அவ்வாறு சென்றவர்களுள், பிளாஹர்ட்டிக்கு அவ்வூர்ப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகனும் ஒருவர். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில்தான் அரசு அம்மக்களிடம் மன்னிப்புக் கோரியது. ‘இவர்கள் எங்கே விட்டாலும் பனியில் மகிழ்ந்து வாழ்வர்’ என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு படத்தினால் மட்டும் வந்தது என்று நான் கூறவில்லை. ஆனால் அத்தகைய படங்களும், நான் நடத்தியது போன்ற பாடங்களும் அதற்கு நீர் வார்த்தன அல்லவா?

மற்றோர் எடுத்துக்காட்டு அவர்களது வயிற்றைத் தொடுவது. சீல் என்னும் கடல்நாயே இனுயிட் மக்களின் வாழ்வுக்கு அடிப்படை. அதன் இறைச்சியை ஊரார் பகிர்ந்து உண்பர். அதன் தோலால் காலணியும் ஆடையும் தைப்பர். அதன் கொழுப்பே ‘குல்லிக்’ என்னும் கல்விளக்குக்கு எண்ணெய். பிறைவடிவான அவ்விளக்கின் சுடரை ஒரே சீராகக் காப்பது வீட்டுப் பெண்களின் கலை. வேட்டைக்காரர், கடற்பனியில் கடல்நாய் மூச்சுவிட வரும் துளையருகே அசையாது நெடுநேரம் காத்திருப்பர். எஞ்சிய தோலை விற்றுக் கிடைக்கும் பணமே எரிபொருளுக்கும் வேட்டைக் கருவிகளுக்கும் உதவியது.

இந்நிலையில், கிழக்குக் கனடாவின் கடற்கரையில் பிறர் நடத்திய வேட்டையை எதிர்த்துப் பேரியக்கம் எழுந்தது. வெண்மயிர் மாறாத கடல்நாய்க் குட்டிகளின் படங்கள் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பரவின. பார்த்தோர் உருகினர். 1983-இல் ஐரோப்பிய நாடுகள் அக்குட்டிகளின் தோலை வாங்கத் தடை விதித்தன. இனுயிட் மக்கள் பெரும்பாலும் வேட்டையாடுவது வளர்ந்த வளையக் கடல்நாய்களை, வெண்குட்டிகளை அன்று. தடை ஆணையும் அவர்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் படத்தைப் பார்த்த மக்கள் விலக்கைப் படிக்கவில்லை. தோலின் விலை அடியோடு வீழ்ந்தது; வடக்கே பல குடும்பங்களின் வருவாய் நின்றது. 2009-இல் மேலும் ஒரு தடை வந்தது. அப்போதும் அவர்களுக்கு விலக்கு உண்டு, சந்தைதான் இல்லை.

2016-இல் அலீதியா அர்னாகுக்-பாரில் என்னும் இனுயிட் பெண்மணி, ‘சினங்கொண்ட இனுக்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். அவர் எடுத்துரைத்த உண்மை ஒன்று என் நெஞ்சைத் தைத்தது. உரத்துக் கத்திச் சினத்தைக் காட்டுவது அம்மக்களின் மரபன்று. சினத்தை அடக்கி, அமைதியாகப் பேசுவதே பெருமை. ஆனால் செய்தியாளரின் படக்கருவி கத்துவோரையே நாடிச் செல்கிறது. அமைதியாக நின்ற மக்களின் துயரம் அதனால் எவர் கண்ணிலும் படாமற் போயிற்று. எப்போதும் சிரித்த முகத்தினர் என்று நானும் எழுதிப் போட்டேன் அன்றோ?

ஆயினும், பிறர் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வாளா இருந்துவிடவில்லை. இனி நான் கூறப்போவது அந்தப் பகுதி.

1972-இல் கனடா ஒரு செய்தித் தொடர்புச் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அதற்கு இனுயிட் மொழியிலிருந்தே ‘அனிக்’ என்று பெயரிட்டனர். உடன்பிறந்தான் என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு முதல் அதன் வழியே வடக்கே தொலைக்காட்சி சென்றது. பெயரில்தான் உறவு, உடன்பிறந்தானாக வந்தவன் பேசியதோ ஆங்கிலமும் பிரெஞ்சும். தெற்கு நகரங்களின் கதைகளும் விளம்பரங்களும் பனிநாட்டு வீடுகளுக்குள் புகுந்தன.

இக்லூலிக் என்னும் தீவூர் அப்போது ஒரு செயல் செய்தது. தொலைக்காட்சி வேண்டுமா, வேண்டாவா என்று ஊரார் வாக்களித்தனர். 1975-இல் ‘வேண்டா’ என்றனர். 1979-இல் மீண்டும் ‘வேண்டா’ என்றனர். புதுமையைக் கண்டு அஞ்சிய பேதைமை என்று இதைக் கருதலாகாது. பனியில் இயங்கும் பொறிவண்டியை ஏற்றவர்கள், துப்பாக்கியை ஏற்றவர்கள், வானொலியைக் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் மறுத்தது கருவியை அன்று. தம் மொழியில் ஒரு சொல்லும் பேசாத கருவியையே. மாலையில் முதியோர் கதை கூறும் நேரத்தை, முதியோருக்கு விளங்காத மொழி பேசும் பெட்டி பறித்துக்கொள்ளும் என்று அவர்கள் அஞ்சினர்.

அவர்களின் மறுப்பு வீண்போகவில்லை. செயற்கைக்கோளின் வழியே தம் மொழியில் நிகழ்ச்சி நடத்த இனுயிட் இளைஞர்கள் பயிற்சி பெற்றனர். 1981-இல் இனுயிட் ஒலிபரப்புக் கழகம் தோன்றியது. 1982-இல் அதன் நிகழ்ச்சிகள் தொடங்கின. அதன்பின், 1983-இல், இக்லூலிக் மக்கள் தொலைக்காட்சியை ஏற்றனர். அக்கழகம் குழந்தைகளுக்காகப் பொம்மைகளைக் கொண்டு நடத்திய ‘தக்குகினை’ என்னும் நிகழ்ச்சியும் தாய்மொழியைக் கற்பித்தது. அம்மொழிக்குக் கிழக்குப் பகுதியில் வழங்கும் எழுத்து முறை விந்தையானது: எழுத்தின் வடிவம் மெய்யொலியைக் காட்டும், அது திரும்பியிருக்கும் திசை உயிரொலியைக் காட்டும். பள்ளியில் தாய்மொழி பேசத் தயங்கிய தலைமுறையின் பிள்ளைகள், அந்த எழுத்துகளைத் திரையில் கண்டு களித்தனர்.

இக்லூலிக் ஊரில் வளர்ந்தவர்களுள் ஒருவர் சக்கரியாஸ் குனுக். 1957-இல் பிறந்த அவர், வேட்டைப் பாடியில் பெற்றோருடன் வாழ்ந்தவர். ஒன்பது வயதில் பள்ளிக்காக ஊருக்கு அனுப்பப்பட்டார். ஊர் மண்டபத்தில் காட்டிய குதிரைவீரர் படங்களைப் பார்க்கக் காசு வேண்டும். அதற்காக மென்கல்லில் சிறு உருவங்கள் செதுக்கி விற்றார். வளர்ந்து சிற்பியானார். 1981-இல் தாம் செதுக்கிய சிற்பங்களை மாண்ட்ரியால் நகரில் விற்று, அந்தப் பணத்தில் ஒரு படக்கருவி வாங்கி ஊர் திரும்பினார். அப்போது அவ்வூரில் தொலைக்காட்சியே இல்லை! பார்க்கும் பெட்டி வருமுன்னரே படைக்கும் கருவியை ஒருவர் வாங்கி வந்துவிட்டார்.

1990-இல் குனுக், பால் அபாக் அங்கிலிர்க், பவுலூசி குலிட்டாலிக், நார்மன் கோன் ஆகிய நால்வர் சேர்ந்து ‘இசுமா’ என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினர். இசுமா என்றால் சிந்தனை. முதியோர் பலரிடம் ஒரே பழங்கதையைத் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்து, அவற்றை ஒப்பிட்டு, ‘அத்தனார்ஜுவாட்’ என்னும் திரைக்கதையை உருவாக்கினர். அதை எழுதுவதில் முன்னின்ற அங்கிலிர்க், படம் முடியுமுன் 1998-இல் காலமானார். ஊர்ப் பெண்கள் முன்னோர் அணிந்த தோலாடைகளைத் தைத்தனர். ஊராரே நடித்தனர். முழுதும் இனுக்டிட்டுட் மொழியில் எழுதி, இயக்கி, நடித்த முதல் முழுநீளப் படம் அதுவே. 2001-இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில், முதற்படம் எடுத்த இயக்குநருக்கு உரிய பரிசை அது பெற்றது. அப்பரிசின் பெயர் ‘பொற்படக்கருவி’.

சில ஆண்டுகள் கழித்து அப்படத்தை நான் கண்டேன். முன்பு ‘நானூக்’ பார்த்த அதே திரைப்படச் சங்கம். இப்போது வேறு மண்டபம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். இதிலும் பனிவீடு உண்டு, நாய்வண்டி உண்டு, கடல்நாய் இறைச்சி உண்டு. ஆனால் அவற்றை நான் வேடிக்கையாகப் பார்க்க இயலவில்லை. பொறாமையும் காதலும் பகையும் நிறைந்த மாந்தரின் கதை அது. உறங்கும் வேளையில் பகைவர் கூடாரத்தைச் சாய்த்து ஈட்டியால் குத்துகின்றனர். தமையன் மடிகிறான். இளையவன் ஆடையின்றி, வெறுங்காலுடன், உருகும் கடற்பனியில் உயிர்தப்ப ஓடுகிறான். அவன் காலில் குருதி கசியும்போது என் கால் கூசியது. அந்த மனிதனை ‘துருவநாட்டு மக்கள்’ என்னும் தலைப்பில் அடக்க என்னால் முடியவில்லை.

பழங்கதையில் இளையவன் திரும்பி வந்து பகைவரைக் கொன்று பழிதீர்ப்பான். படத்திலோ, அவன் ஓங்கிய கையைத் தாழ்த்தி, ‘கொலை இத்துடன் நிற்கட்டும்’ என்று விடுகிறான். குற்றவாளிகளை ஊரைவிட்டு அகலச் செய்கின்றனர். சிறு ஊர் ஒன்று கடுங்குளிரில் பிழைக்க வேண்டுமானால் பழியின் சங்கிலி எங்கேனும் அறுபட வேண்டும். முன்னோர் கதையைப் பேணுவதும், காலத்துக்கு ஏற்ப அதை மாற்றுவதும் அதற்கு உரியவர்களின் உரிமை. அன்று அவர்கள் அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொண்டனர்.

படம் முடிந்தது என்று எழுந்தேன். பெயர்ப்பட்டியல் ஓடியது. அப்போது திரையில் தோன்றிய காட்சிகள் என்னை மீண்டும் அமரச் செய்தன. படம் எடுத்தவர்களையே காட்டினார்கள்! இக்கால உடையணிந்த இனுயிட் மக்கள், பனியில் படக்கருவியை நிறுத்தி, ஓடும் நடிகரைப் பின்தொடர்கின்றனர். ‘நாங்கள் இன்றும் இருக்கிறோம், இந்தப் பழங்கதையைச் சொல்பவர்கள் நாங்களே’ என்று அக்காட்சி கூறாமற் கூறிற்று. 1922-இல் பனிவீட்டின் மறுபாதியை வெட்டி, அங்கே நின்ற கருவியை மறைத்தார்கள். இவர்களோ அந்தக் கருவியையும் வீட்டுக்குள் அழைத்து, அதையும் நம் கண்முன் காட்டிவிட்டார்கள்.

அதன்பின்னரும் அவர்கள் பணி நின்றுவிடவில்லை. 1999-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் ‘நூனவுட்’ என்னும் தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. ‘நம் நிலம்’ என்பது அதன் பொருள். அவ்வாண்டு செப்டெம்பரில் கனடாவின் முதற்குடி மக்கள் அனைவருக்குமான தொலைக்காட்சி நாடெங்கும் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2021-இல் முழுதும் இனுயிட் மொழியிலேயே இயங்கும் ‘உவகுட்’ என்னும் தொலைக்காட்சி பிறந்தது. உவகுட் என்றால் ‘நாம்’. ‘உடன்பிறந்தான்’ என்று பெயர் தாங்கி அயல்மொழி பேசிய கோளிலிருந்து, ‘நாம்’ என்று தம்மொழியில் தொடங்கும் ஒளிபரப்பு வரை வர அவர்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அந்தப் படத்தைக் கண்ட ஆண்டில், துருவநாட்டுப் பாடம் வந்தபோது நான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். பழக்கத்தால் கை அரைவட்டம் போட முனைந்தது. நிறுத்தினேன். ‘இனுயிட்’ என்று எழுதினேன். அதன் கீழ் ‘மக்கள்’ என்று பொருள் எழுதினேன். பிறகு இரண்டு படங்களின் கதையையும் மாணவர்களுக்குக் கூறினேன். பாடநூலில் இல்லாத அச்செய்திகளை அவர்கள் பாடத்தினும் உன்னிப்பாகக் கேட்டார்கள். ‘இனி எந்த மக்களைப் பற்றிப் படித்தாலும், இதைச் சொல்பவர் யார் என்று கேளுங்கள், அம்மக்கள் தாமே கூறியது எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள்’ என்று சொல்லி முடித்தேன். அது என் சொல்லன்று. மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கற்பித்த சொல்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிப் படிப்பை முடித்து ஊரைவிட்டுச் சென்றாள் என்று மட்டும் கேள்வி. அவள் கேள்விக்கு நான் அன்று அளித்த விடை தவறு. ‘ஆமாம், நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம் என்று அவர்கள் சொல்வார்களா?’ என்று கேட்டாளே, சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்வது வேறு. அதைத் தம் மொழியில், தம் கருவியால், தாமே சொல்லியிருக்கிறார்கள். இக்கட்டுரை எங்கேனும் அவள் கையில் கிடைக்குமானால், காலந்தாழ்த்தி வந்த இவ்விடையை அவள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தேர்வில் அவள் எழுதியதைத் திருத்தி மதிப்பெண் இட்ட ஆசிரியனின் பிழையை அவளே திருத்த வேண்டும்.